பிங்க் சீட்டுகள் எங்கே போயின?

ஒரு காலையில் எங்கள் மென்பொருள் குழுவின் இஷ்யூ பட்டியலை, அதாவது செய்யவேண்டிய வேலைகளும் பிழைகளும் எண்ணிட்டுக் கிடக்கும் பட்டியலைத் திறந்தால் உச்சியில் மூன்று புதிய வரிகள். "பணம் திரு". அதன்மேல் "பணம் திரும்பக் கி". அதற்கும் மேல் "பணம் திரும்பக் கிடைக்காவிட்டால் யாரிடம் சொல்வது?" மூன்றுக்கும் தனித்தனி எண். மூன்றையும் திறந்தது என் ஸ்கிரிப்ட், நான் எழுதிய ஒரு சின்ன நிரல். முதலாவதற்குக் கீழே குழுவில் ஒருவர் ரொம்பப் பொறுப்பாகக் கேட்டிருந்தார்: "பணம் திருடு போயிடுச்சா? எந்தக் கணக்குல?"

நடந்தது இதுதான். முந்தைய நாள் மாலை யாரோ எங்கள் இணைய ஒயிட்போர்டில் ஒரு பிங்க் ஸ்டிக்கியை, அதாவது ஒட்டுச்சீட்டைப் போட்டு, யோசித்து யோசித்துத் தட்டியிருக்கிறார். என் ஸ்கிரிப்ட் நிமிடத்துக்கு ஒருமுறை போர்டை எட்டிப் பார்க்கும். பிங்க் ஸ்டிக்கி கண்ணில் பட்டால், எங்கள் நிரலும் இஷ்யூ பட்டியலும் இருக்கும் கிட்ஹப் தளத்தில் அதே தலைப்பில் இஷ்யூ இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால் புதிதாக ஒன்று திறந்துவிடும். முதல் நிமிடம் பார்த்தபோது "பணம் திரு" வரைக்கும்தான் தட்டியிருந்தார். திறந்தது. அடுத்த நிமிடம் இன்னும் சில எழுத்து கூடியிருந்தது. அந்தத் தலைப்பில் இஷ்யூ இல்லை, அதனால் இன்னொன்று. ஸ்கிரிப்ட்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தது. சொன்னவன் நான்.

இந்தப் பிழையை அரை நாளில் சரிசெய்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்தவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். எல்லாம் சரியான பிறகுதான் ஒரு விஷயம் தவறாகப் போயிருப்பது தெரிந்தது. அது இன்னும் அரித்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் இதைச் செய்யப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். போர்டில் பேசுவது எல்லோருக்கும் பிடிக்கும்; பேசியதை டிராக்கரில், அதாவது அந்த இஷ்யூ பட்டியலில், ஏற்றுவது யாருக்கும் பிடிக்காது. திட்டமிடல் கூட்டம் முடியும்போது நாற்பது ஐம்பது ஸ்டிக்கிகள் கிடக்கும். "சரி, இதையெல்லாம் யாராவது இஷ்யூவா போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அந்த 'யாராவது' பெரும்பாலும் நான். இந்தப் பக்கம் ஸ்டிக்கி, அந்தப் பக்கம் கிட்ஹப். நகலெடு, ஒட்டு, லேபிள் போடு, ஆளைப் போடு. ஒன்றிரண்டு விட்டுப்போகும். இரண்டு வாரம் கழித்து "அன்னைக்கே போர்டுல எழுதியிருந்தேனே" என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். நிரல் எழுதத் தெரிந்த ஒருவனுக்கு இதைவிட வேறென்ன தூண்டுதல் வேண்டும்? ஒரு வார இறுதியில் உட்கார்ந்து முதல் வடிவத்தை எழுதினேன்.

நிறங்களுக்கு எங்களிடம் ஓர் ஒழுங்கு ஏற்கெனவே இருந்தது. ஆல்பர்ட்டோ பிராண்டொலினி 2013-இல் எழுதி அறிமுகப்படுத்திய ஈவண்ட் ஸ்டார்மிங் முறையைப் பின்பற்றும் குழு எங்களுடையது; ஓர் அமைப்பில் என்னென்ன நடக்கிறது என்பதை நிறச் சீட்டுகளாகப் போர்டில் விரித்துப் பேசும் முறை அது. அமைப்பில் நடக்கும் நிகழ்வு ஆரஞ்சு. பயனர் கொடுக்கும் கட்டளை நீலம். புரியாதது, முரண்படுவது, சண்டை வரப்போவது எல்லாம் பிங்க். பிங்க்தான் மறந்துபோகக்கூடாதது என்று எனக்குத் தோன்றியது. ஆகவே பிங்க் என்றால் இஷ்யூ. ஒரு வரியில் முடிந்த முடிவு அது. யாரையும் கேட்கவில்லை; கேட்க வேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை.

முடிந்தது என்று ஸ்டிக்கி சொல்வதில்லை

ஒரு படிவத்தில் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தும் கணத்தில் எழுதியவர் கையிலிருந்து அது போய்விடுகிறது. நிரல் மாற்றத்தைப் பதியும் கமிட்டுக்கும் அப்படி ஒரு கணம் உண்டு, அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டுக்கும் உண்டு. ஸ்டிக்கிக்கு அது கிடையாது. மிரோ போன்ற இணையப் போர்டுகளின் ஏபிஐயிடம் (நிரல்கள் தகவல் கேட்கும் வாசல்) கேட்டால் ஸ்டிக்கியின் அடையாள எண், நிறம், உள்ளே இருக்கும் உரை, போர்டின் நடுப்புள்ளியைச் சுழியமாக வைத்து அது கிடக்கும் இடம், கடைசியாகத் திருத்திய நேரம் எல்லாம் வரும். 'எழுதியவர் முடித்துவிட்டாரா' என்ற கேள்விக்கு மட்டும் பதில் வராது, ஏனென்றால் அப்படி ஒரு புலமே இல்லை. நான் செய்தது ஊகம்: ஐந்து நிமிடம் யாரும் தொடாமல் கிடந்தால் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள். கொஞ்ச நேரம் ஆறப்போட்டு எடுப்பது. கூடவே தலைப்பை வைத்துத் தேடும் அசட்டுத்தனத்தையும் விட்டேன். ஸ்டிக்கியின் அடையாள எண்ணையும் இஷ்யூ எண்ணையும் சோடி சேர்த்து ஒரு சின்ன அட்டவணையில் வைத்தேன். பணம் திருடு போவது நின்றது.

அதற்கடுத்த வாரம் "ஏன்?" என்ற தலைப்பில் ஓர் இஷ்யூ வந்தது. அவ்வளவுதான் தலைப்பு. உள்ளே ஒன்றுமில்லை. போர்டுக்குப் போய்ப் பார்த்தால், "இரண்டாவது முறை முயன்றால் தடுக்க வேண்டும்" என்று ஓர் ஆரஞ்சுச் சீட்டு. அதன் வலது மூலையில் ஒட்டினாற்போல், லேசாகச் சாய்த்து இந்தப் பிங்க். போர்டில் பார்த்தால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். பட்டியலில் வந்தபோது கடவுளிடம் கேட்கிற கேள்வி மாதிரி ஆகிவிட்டது. போர்டில் அர்த்தம் சொல்லில் பாதி, இடத்தில் பாதி. எதற்குப் பக்கத்தில், எதற்கு மேலே, அம்புக்குறி எங்கிருந்து வருகிறது, எது வேண்டுமென்றே ஓரமாகத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் வாக்கியம். இஷ்யூ பட்டியலுக்கு மேலும் கீழும்தான் தெரியும்.

அதையும் விடவில்லை. அருகிலுள்ள ஸ்டிக்கிகளைத் தூரம் கணக்கிட்டுக் கண்டுபிடித்து, அவற்றின் உரையையும் இஷ்யூவின் உடலில் சேர்த்தேன். சட்டகத்துக்குள் (போர்டில் ஒரு பகுதியைச் சுற்றிப் போடும் கட்டம்) இருக்கும் ஸ்டிக்கியின் ஆயத்தொலை சட்டகத்தின் இடது மேல் மூலையிலிருந்து அளக்கப்படும், வெளியே இருப்பதற்குப் போர்டின் நடுவிலிருந்து. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர ஒரு மாலை முழுக்கப் போனது. உண்மையைச் சொன்னால் அந்த மாலை மிகவும் சந்தோஷமாக இருந்தேன். விளைவு என்னவோ, இஷ்யூவைத் திறந்தவர்கள் 'அருகில் இருந்தவை' என்று நான் போட்ட பட்டியலைப் படிக்காமல் போர்டின் இணைப்பைத்தான் சொடுக்கினார்கள்.

வரவு & செலவு

ஒருவழிப் பாதை ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை வந்தது. இஷ்யூ மூடப்பட்டால் போர்டிலும் தெரிய வேண்டாமா? அங்கே தலைப்பைத் திருத்தினால் இங்கேயும் மாற வேண்டாமா? எங்கள் குழுவின் மூத்தவர் இதை ரொம்பவே வலியுறுத்தினார். "ரெண்டு இடத்துல ரெண்டு உண்மை இருக்கக்கூடாது" என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கிட்ஹப்பிலிருந்து வெப்ஹூக், அதாவது அங்கே ஏதாவது மாறியதும் தானாக வரும் செய்தி, வாங்குவது கடினமுமில்லை. ரகசியச் சொல் ஒன்றைக் கொடுத்துவைத்தால் ஒவ்வொரு செய்தியும் எஸ்ஹெச்ஏ-256 கையொப்பத்தோடு வரும், அதை வைத்து அனுப்பியது கிட்ஹப்தானா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். 10 வினாடிக்குள் நாம் பதில் சொல்லவில்லை என்றால் கிட்ஹப் அதைத் தோல்வி என்று எழுதிவிடும். தானாக மறுபடி அனுப்பாது. கடந்த 3 நாளுக்குள் வந்ததாக இருந்தால் நாமே திரும்ப அனுப்பச் சொல்லலாம், அப்போதும் அந்தச் செய்திக்குரிய அதே விநியோக எண்ணோடுதான் வரும். அதனால் வந்ததும் வரிசையில் போட்டுவிட்டு உடனே 'சரி' சொல்லு, விநியோக எண்ணைக் குறித்துவைத்துக்கொள், ஏற்கெனவே பார்த்த எண் வந்தால் விட்டுவிடு. இந்த மூன்றைச் செய்தால் பெரும்பாலான தலைவலி போய்விடும்.

போகாத தலைவலி எதிரொலி. ஸ்டிக்கியில் ஒருவர் "வரவு & செலவு பொருந்தவில்லை" என்று எழுதியிருந்தார். போர்டு தன் உரையை வலைப்பக்கத்துக்கான எச்டிஎம்எல் வடிவில், பத்திக் குறிகளுக்குள் வைத்து, '&' குறியை '&ஆம்ப்;' என்று மாற்றித்தான் தரும். நான் பத்திக் குறிகளைக் கழற்றினேன், இதைக் கழற்ற மறந்தேன். இஷ்யூவில் '&ஆம்ப்;' என்று ஏறியது. இஷ்யூ மாறியதும் வெப்ஹூக். வெப்ஹூக் வந்ததும் ஸ்டிக்கியை மாற்றினேன். அங்கே அந்த '&' மறுபடி '&ஆம்ப்;' ஆனது. ஸ்டிக்கி மாறியிருக்கிறதே என்று நிமிடக் கண்காணிப்பு பார்த்து, இஷ்யூவை மாற்றியது. இரவு முழுக்க இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருந்திருக்கின்றன. காலையில் பார்த்தபோது "வரவு &ஆம்ப்;ஆம்ப்;ஆம்ப்;ஆம்ப்;" என்று போய்க்கொண்டே இருந்தது; செலவு வரவேயில்லை. தலைப்பு நீளத்தின் வரம்பில் முட்டித்தான் நின்றிருக்கிறது.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்குள்ளேயே, அதாவது கிட்ஹப்பே நம் நிரலை ஓட்டித்தரும் வசதிக்குள்ளேயே, இருந்திருந்தால் இதில் ஒரு பாதியாவது தவிர்ந்திருக்கும். அங்கே தரப்படும் உள்டோக்கனை (அனுமதிச் சாவி) வைத்துச் செய்யும் மாற்றம், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, இன்னொரு ஓட்டத்தைத் தூண்டாதபடி அமைத்திருக்கிறார்கள். நான் வெளியே தனி டோக்கனோடு ஓடவிட்டிருந்தேன். அந்தக் காப்பு எனக்கில்லை. கடைசியில் செய்தது எளிமையானதுதான். எழுதும் ஒவ்வொரு முறையும் நான் எழுதியதன் கைரேகையை, அதாவது அந்த உரையிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீட்டை, சேமித்துக்கொள்வது. வந்து சேர்வது அதே கைரேகையாக இருந்தால் அது என் குரல்தான் என்று காதைப் பொத்திக்கொள்வது. செயலியின் சொந்தப் பெயரில் வரும் மாற்றங்களையும் புறக்கணிப்பது.

நடுவில் ஒரு நாள் கூட்டம் நடத்துபவர் பழைய ஸ்பிரின்ட்டின் (சில வார வேலைச் சுற்று) சட்டகத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டார். நகலெடுத்த ஒவ்வொரு பிங்க்குக்கும் புது அடையாள எண். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ரெப்போவை, அதாவது எங்கள் நிரல் கிடங்கை, கவனிப்பவர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் மழை. அவற்றை மூட இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினேன்; மூடினாலும் மின்னஞ்சல் போகும் என்பது ஓடவிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

சுத்தமான போர்டு

இதெல்லாம் முடிந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. நானும் பெருமையாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு கூட்டம். புதிய ஓர் ஓட்டத்தை போர்டில் விரித்துக்கொண்டிருந்தோம். ஆரஞ்சு வரிசை நீண்டது, கீழே நீலம் அடுக்கப்பட்டது. ஒரு மணி நேரம் ஆனது. திரையைக் கொஞ்சம் சிறிதாக்கி முழுப் போர்டையும் பார்த்தேன். பிங்க் ஒன்றுகூட இல்லை.

முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. எல்லோருக்கும் எல்லாம் தெளிவாக இருக்கிறது போல. ஆனால் பேச்சில் அப்படி இல்லை. "அது அப்புறம் பாத்துக்கலாம்", "அதை நான் தனியா கேக்கறேன்" என்று இடையிடையே வந்துகொண்டே இருந்தது. சோதனை பார்க்கும் தோழி பகிர்ந்த திரையில் ஓர் ஓரமாக நோட்பேட் சன்னல் திறந்திருந்தது. அதில் கேள்விக்குறியோடு பத்துப் பன்னிரண்டு வரிகள். கூட்டம் முடிந்ததும் அவரிடம் கேட்டேன்.

"அதையெல்லாம் ஏன் போர்டுல போடல?"

"போட்டா அஞ்சு நிமிஷத்துல இஷ்யூ ஆயிடுதுல்ல?"

"ஆகட்டுமே. அதுக்குத்தானே எழுதினது."

"எனக்கு அது பிரச்சினையான்னே இன்னும் தெரியலங்க. இஷ்யூ ஆச்சுன்னா அதுக்கு ஒரு நம்பர் வந்துடுது. யாருக்கு அசைன் பண்றதுன்னு கேக்கறாங்க. அடுத்த வாரம் ஏன் இன்னும் ஓப்பனா இருக்குன்னு என்னையே கேக்கறாங்க. நான் சும்மா ஒரு சந்தேகம் கேட்டேன், அவ்ளோதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் இடத்துக்கு வந்து பழைய போர்டுகளைத் திறந்து பார்த்தேன். ஸ்கிரிப்ட் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு போர்டிலும் பிங்க் சிதறிக் கிடந்தது: "இது யாருக்காக?", "எனக்குப் பயமா இருக்கு", "போன தடவையும் இதேதான் பண்ணோம்", வெறும் "??". ஸ்கிரிப்ட் வந்த முதல் வாரங்களில் பிங்க் இருந்தது, ஆனால் மொழி மாறியிருந்தது. "கட்டணத் தோல்விக்கான செய்தியைச் சரிபார்க்கவும்." கவும், கவும், கவும். எல்லோரும் இஷ்யூ தலைப்பாகவே எழுதக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் குறைந்தது. கடைசிப் போர்டு சலவைக்குப் போட்டு எடுத்தது மாதிரி இருந்தது. இத்தனை நாளும் ஸ்டிக்கியிலிருந்து இஷ்யூவுக்குப் போகும் வழியில் என்ன உடைகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தவன், ஸ்டிக்கி எழுதும் இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஒட்டுச்சீட்டின் பசைக் கதை எல்லோருக்கும் தெரியும்: 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டுபிடித்த பலவீனமான பசை, அதற்குப் பயன் கண்டுபிடித்த ஆர்ட் ஃப்ரை, 1980-இல் கடைக்கு வந்த சீட்டு. அந்தப் பசை நுண்ணிய உருண்டைகளாக இருப்பதால் பரப்பை ஆங்காங்கே மட்டும் தொடும். அதனால்தான் உரித்தால் வருகிறது, மறுபடியும் ஒட்டுகிறது. நான் செய்த வேலை அந்தச் சீட்டுகளின் பின்னால் ஃபெவிகால் தடவியது. கிட்ஹப்பில் ஓர் இஷ்யூவை நிர்வாக உரிமை உள்ளவர்தான் அழிக்க முடியும். சாதாரணமாக யாரும் அழிப்பதில்லை, மூடுவார்கள். மூடினாலும் எண் இருக்கும், யார் திறந்தார்கள் என்பது இருக்கும், என்றைக்கு என்பது இருக்கும். டிராக்கருக்கு அது அழகு. அரைகுறைச் சந்தேகத்துக்கு அது தண்டனை.

மூத்தவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "டிஸிப்ளின் வந்திருக்குன்னு ஏன் எடுத்துக்கக்கூடாது? தெளிவா இல்லாதத எழுதாம இருக்கறது நல்லதுதானே?" என்றார். இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. பதிலுக்கு அந்த "பணம் திரும்பக் கிடைக்காவிட்டால்" ஸ்டிக்கியைக் காட்டினேன். அதைப் பற்றி இஷ்யூவில் ஒரு பேச்சும் நடக்கவில்லை. 'விவரம் போதாது' என்று மூடப்பட்டிருந்தது. ஆனால் போர்டில் அதைச் சுற்றி மூன்று பேர் எழுதியிருந்தார்கள், அதிலிருந்துதான் தோல்வியடைந்த பரிமாற்றங்களுக்குத் தனி நிலை வேண்டும் என்ற முடிவே வந்தது. அவர் பார்த்துவிட்டு, "சரி, என்ன பண்ணலாங்கற?" என்றார். ஒத்துக்கொண்டார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அனுமதித்தார்.

ஒரு பொத்தான்

நிமிடக் கண்காணிப்பைப் பிடுங்கி எறிந்தேன். நிறம் இப்போது எதையும் தூண்டாது. அதற்குப் பதில் போர்டுக்குள்ளேயே ஒரு சிறிய செருகி. கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் ஸ்டிக்கிகளை வளைத்துத் தேர்ந்தெடுப்பார், ஐந்து இருந்தாலும் சரி, ஒன்று இருந்தாலும் சரி. பொத்தானை அழுத்துவார். தேர்ந்தெடுத்தவை அனைத்தும் சேர்ந்து ஒரே ஓர் இஷ்யூவின் வரைவாக எழும்; தலைப்பு மட்டும் காலியாக இருக்கும். அதைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும். ஸ்டிக்கிகளின் உரையும் அந்தப் பகுதிக்கான போர்டு இணைப்பும் உடலில் தானாக வந்து உட்காரும். தலைப்பைத் தானாக நிரப்ப எத்தனையோ வழி இருந்தும் வேண்டாம் என்று விட்டேன். "இதுக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் வாக்குவாதம் சில நேரம் முழுக் கூட்டத்தைவிட உருப்படியாக இருக்கிறது.

திரும்பி வரும் பாதையையும் ஒடுக்கினேன். இஷ்யூ மூடப்பட்டால் ஸ்டிக்கியின் அருகே ஒரு சின்னப் பச்சைப் புள்ளி வரும். அவ்வளவே. உரை மாறாது, நிறம் மாறாது, எதுவும் அழியாது. இஷ்யூவில் தலைப்பு மாறினால் போர்டுக்குத் தெரியாது; போர்டில் ஸ்டிக்கியைத் திருத்தினால் இஷ்யூவுக்குத் தெரியாது. ஆமாம், இரண்டு இடத்தில் இரண்டு உண்மை. ஒன்று அன்றைக்கு என்ன நினைத்தோம் என்பது, மற்றது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது. கைரேகை, எதிரொலித் தடுப்பு, தூரக் கணக்கு என்று நான் பார்த்துப் பார்த்து எழுதிய நிரலில் முக்கால்வாசி அந்த வாரம் அழிந்தது. அழிக்கும் புல் ரிக்வெஸ்ட்டை நானே திறந்தேன். தோழிதான் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். ஒரு கருத்துகூட எழுதவில்லை, ஒரு கைகூப்பும் இமோஜி மட்டும்.

இன்னமும் குறை இருக்கிறது. பொத்தானை அழுத்த மறந்துவிடுகிறோம். போன மாதம் ஒரு முக்கியமான விஷயம் அப்படியே போர்டில் தங்கிவிட்டது, "அன்னைக்கே எழுதியிருந்தேனே" என்று ஒருவர் மறுபடியும் சொன்னார், மூத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான். மறதிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாமா என்று கை நமநமத்தது உண்மை. வெள்ளிக்கிழமை மாலை 'இந்த வாரம் பொத்தான் அழுத்தாத போர்டுகள்' என்று ஒரே ஒரு செய்தி அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டேன்.

பிங்க் திரும்பி வரச் சில வாரம் ஆயிற்று. முதலில் "??" தான் வந்தது. நேற்று பழைய கட்டணப் போர்டைத் திறக்க வேண்டியிருந்தது. "பணம் திரும்பக் கிடைக்காவிட்டால் யாரிடம் சொல்வது?" அதே இடத்தில் கிடக்கிறது, பச்சைப் புள்ளி இல்லாமல். அதன் கீழே யாரோ புதிதாக இன்னொரு பிங்க்கை லேசாகச் சாய்த்து ஒட்டியிருக்கிறார்கள்: "சொன்னா கேப்பாங்களா?"